மூட்டு வலிக்கு ஒரு சீட்டு, மனச்சோர்வுக்கு ஒரு சீட்டு: முதியோர் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "முட்டி குடையுது, ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கலை" என்பார்கள். வலி 3 மாதத்தைத் தாண்டிவிட்டது, 2 வாரமாகப் பேரப்பிள்ளைகள், கோயில், சீரியல் எதிலும் நாட்டமில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம், வயசுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. வலியை அடக்குவதிலும் மனநிலையைச் சீராக வைப்பதிலும் நரம்புகளுக்குள் செய்தி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு. வலி குறையாதவருக்கு மனச்சோர்வு சிகிச்சையும் மெதுவாகத்தான் கேட்கும்.

அதிகம் கெடுதல் செய்வது, ஒரு டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை இன்னொரு டாக்டருக்குக் காட்டாமல் தனித்தனியாக வைத்திருப்பதுதான். எலும்பு டாக்டர் தந்த டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோடு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். இதயத்துக்கு ஆஸ்பிரினும் எடுப்பவருக்கு இன்னும் அதிகம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடும் வலிக்குத் தரும் டிரமடால் இன்னொரு வம்பு: மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரலாம். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையமோ, எங்கே போனாலும் மெடிக்கலில் நீங்களாக வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

நரம்பு வலிக்கு ராத்திரியில் தரும் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வைத் தீர்க்கும் அளவல்ல. முதியவர்களுக்கு அதுவே மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, எழும்போது தலைசுற்றல், குழப்பம் எல்லாம் தரக்கூடியது. வலி, மனச்சோர்வு இரண்டுக்கும் சேர்த்து டியூலோக்செடின் மாத்திரை பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பெரும்பாலும் 30 மி.கி.யில் தொடங்குவார்கள். கல்லீரல் நோயோ கடுமையான சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆகாது.

நம்மூர் வெயிலில் கவனிக்க வேண்டியது ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து. மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்கு அதைக் குறைக்கலாம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர், அக்னி நட்சத்திரத்தில் வியர்த்து, வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் சிக்கல் கூடும். திடீரென்று பேச்சு தடுமாறினால், நடை தள்ளாடினால், 'மறதி நோய்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோடியம் குறைகிறதா என்பது, மாத்திரை தொடங்கிய 2 முதல் 4 வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

பத்து நாளில் பலனில்லை என்று மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவதும் வழக்கமாக நடக்கிறது. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். இடையில் தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வாங்கிக் கொடுப்பது, தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு வழி.

வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் தசை இளைத்து வலி கூடும், மனமும் சுருங்கும். வலி குறைந்த நாளில் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் முடங்குவதும் அதே அளவு தப்பு. வெயில் ஏறுமுன் 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம் என்று தினமும் ஒரே அளவில் நடக்கட்டும். வெளியே வர முடியாதவருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

"உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாகலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.