கல்லூரிக் குறிப்புகளைத் தொகுக்கத் தாளும் கோப்பும் வாங்குவது எப்படி?

முதலாமாண்டு மாணவரிடம் குறிப்புகள் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன: வகுப்பில் எழுதியவை, சீனியர்களிடம் வாங்கி எடுத்த ஜெராக்ஸ், ஆசிரியர் தரும் அச்சுத்தாள்கள். இவை ஒரே இடத்தில் இருந்தால்தான் தேர்வுக்கு முதல்நாள் இரவு தேடி அலையாமல் படிக்க முடியும். அதற்குத் தாளின் அளவைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: தாள்

ஜெராக்ஸ் பெரும்பாலும் ஏ4 தாளில்தான் (210 x 297 மி.மீ.) வருகிறது என்பதால், நீங்கள் எழுதும் தாளும் அதே அளவில் இருக்கட்டும். தைத்த நோட்டைவிட உதிரித்தாள்களே நல்லவை என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் போகாத வகுப்பின் பாடத்தை ஒரு வாரம் கழித்து எழுதினாலும் அதற்குரிய இடத்திலேயே செருகிவிடலாம். பால்பாயிண்ட் பேனாவுக்கு 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். ஜெல் பேனாவால் இருபுறமும் எழுதுபவர்கள் 80 ஜி.எஸ்.எம். வாங்குங்கள். கடையிலேயே உங்கள் பேனாவால் ஒரு வரி எழுதி, பத்து வரை எண்ணியபின் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி, மை மறுபக்கம் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: துளை

இரு துளைகளுக்கு இடையே 80 மி.மீ. இருக்கும் பஞ்சிங் மெஷின் போதுமானது. ஏ4 என்று குறித்த அளவுச்சட்டம் அதில் இருந்தால் எல்லாத் தாள்களிலும் துளை ஒரே இடத்தில் விழும். இடப்புறம் 25 மி.மீ. ஓரம் விட்டு எழுதுங்கள். பின்பக்கத்தில் அந்த ஓரம் வலப்புறம் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பிறகு துளை எழுத்தின் மீதே விழுந்துவிடுகிறது.

படி 3: கோப்பு

கல்லூரிக்கு எடுத்துச் செல்ல ஒரு மெல்லிய ஃபைலும், வீட்டில் அல்லது விடுதியில் வைக்கப் பாடத்துக்கு ஒரு ரிங் ஃபைலும் தேவை. வட்ட வளையத்தைவிட, ஒரு பக்கம் நேராக இருக்கும் ‘டி’ வடிவ வளையத்தில் தாள்களின் ஓரம் மடங்காமல் சீராக அடங்கும். 25 மி.மீ. வளையத்தில் ஏறத்தாழ 200 தாள்கள் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் துளைகள் கிழியும்.

படி 4: பிரிப்பு அட்டை

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் போல ஒரு பாடத்துக்கு 5 அலகுகள் இருந்தால், 5 வண்ண அட்டைகள் போதும். ஹைலைட்டர் ஒன்றே போதுமானது. ஜெல் மை நன்கு உலர்ந்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் பாடம், அலகு, பக்க எண், தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். வளையம் திறந்து எல்லாம் தரையில் சிதறினாலும், சில நிமிடங்களில் மீண்டும் அடுக்கிவிடலாம்.