அழற்சியின்போது சிறு சமிக்ஞைப் பெப்தைட்டுகள் ஒட்சியேற்றமடைவதை ஆராய்வது எப்படி

மட்டக்களப்பின் படுவான்கரையில் அருவி வெட்டும் (நெல் அறுவடை) காலத்தில் கத்தி பட்ட காலை இரண்டு மூன்று நாள் கவனியாமல் விட்டவருடைய புண்ணில் சீழ் கட்டினால், அதில் மெல்லிய பச்சைச் சாயல் தெரிவதுண்டு. அந்தச் சாயலுக்கு ஒரு காரணம், நடுநிலைநாடிகள் எனப்படும் வெண்குருதிக் கலங்களில் செறிந்திருக்கும் மயலோபெரொட்சிடேசு என்ற நொதியமாகும். இந்த நொதியம் ஐதரசன் பேரொட்சைட்டையும் உடலிலுள்ள குளோரைட்டையும் கொண்டு ஐப்போகுளோரசு அமிலத்தை உண்டாக்குகிறது. வெள்ளம் வடிந்த பின்னர் நம் கிணறுகளுக்கு இடும் குளோரீன் தூள் நீரில் கரைந்து தருவதும் இதே அமிலந்தான். கிருமியைக் கொல்ல எழும் இந்த அமிலம், அதே இடத்தில் கலத்துக்குக் கலம் செய்தி கொண்டு செல்லும் சிறு பெப்தைட்டுகளையும், அதாவது அமினோ அமில அலகுகள் சில கோத்த குறுஞ்சங்கிலிகளையும், தாக்கி ஒட்சியேற்றுகிறது. அத்தாக்கத்தை இறுதியாண்டு ஆய்வாக எடுக்க விரும்பும் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக வளாக மாணவர்களை மனதிற்கொண்டு இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்துக்குள் நுழையுமுன் ஒரு தாளில் உங்கள் பெப்தைட்டின் அமினோ அமிலங்களை வரிசையாக எழுதுங்கள். ஐப்போகுளோரசு அமிலம் முதலில் பாய்வது கந்தகம் கொண்ட மெதியோனின், சிஸ்டீன் ஆகியவற்றின் மீதே. திரிப்தோபன், தைரோசின், சுயாதீன அமைன் கூட்டங்கள் ஆகியன அதற்கு அடுத்தபடியாகத் தாக்கப்படுகின்றன. பற்றீரியா வெளிவிடும் போமைல்-மெதியோனைல்-இலியூசைல்-பீனைல்அலனின் என்ற மூன்று அலகுப் பெப்தைட்டில் மெதியோனின் முதல் இடத்திலேயே இருக்கிறது. நடுநிலைநாடிகளை அழைக்கும் இப்பெப்தைட்டு, அக்கலங்கள் வந்து சேர்ந்து ஒட்சியேற்றிகளை உமிழத் தொடங்கியதும் அவற்றாலேயே ஒட்சியேற்றப்பட்டு, அழைக்கும் ஆற்றலைப் பெருமளவு இழக்கிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. வந்தவரே கதவைச் சாத்துவது போன்ற இந்த ஏற்பாட்டை நான் வெறும் சேதமாகக் கருதுவதில்லை. அழற்சி எல்லை மீறாதிருக்க உடல் இதனைப் பயன்படுத்துகிறது என்றே கருதுகிறேன்.

எல்லாப் பெப்தைட்டுக்கும் இந்த விதி பொருந்தாது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பிரடிகைனினில் ஒன்பது அலகுகள் இருந்தும் மெதியோனினோ சிஸ்டீனோ தைரோசினோ திரிப்தோபனோ இல்லை. அதன் வேலையை முடித்துவைப்பவை பெரும்பாலும் பெப்தைட்டை வெட்டும் நொதியங்களே. வலிச் செய்தியைக் கடத்தும், பதினொரு அலகு கொண்ட சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்தைட்டிலோ, வாங்கியை (கலத்தில் செய்தியைப் பெறும் புரதத்தை) தூண்டுவதற்கு இன்றியமையாத கடைசி முனையிலேயே மெதியோனின் அமர்ந்திருக்கிறது. ஆகவே மெதியோனின் இருக்கிறதா என்பதோடு, அது வாங்கியைத் தொடும் முனையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, உடலே உண்டாக்கும் வலிதணிக்கும் பெப்தைட்டுகளான என்கெபலின் சோடியை. மெதியோனின்-என்கெபலினும் இலியூசின்-என்கெபலினும் முதல் நான்கு அலகுகளில் ஒன்றேபோல் இருந்து, ஐந்தாவதில் மட்டும் வேறுபடுகின்றன. இரண்டையும் ஒரே ஒட்சியேற்றிக்கு உட்படுத்தி, ஒன்று மாத்திரம் மாறினால், மாற்றம் மெதியோனினால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். இரண்டும் மாறினால் ஒட்சியேற்றியை அளவுக்கு மிஞ்சி இட்டு, அமைன் முனையையோ தைரோசினையோ குளோரீனேற்றிவிட்டீர்கள் என ஐயுற வேண்டும்.

ஒட்சியேற்றியாக இடுவது ஐப்போகுளோரைற்று கொண்ட வெளிற்றும் கரைசல்; அதன் செறிவைப் போத்தலின் ஒட்டுத்தாளை நம்பி எழுதாதீர்கள். மட்டக்களப்பு வெக்கையில் வைத்திருந்த கரைசல் வாரத்துக்கு வாரம் வலுவிழக்கும். பரிசோதனை நாளன்றே பி.எச். 12 அளவுள்ள காரக் கரைசலில் அதனை ஐதாக்கி, 292 நனோமீற்றரில் உறிஞ்சலை அளவிடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் கலத்தில் 0.35 என்று காட்டினால் செறிவு 1 மில்லிமோலர் ஆகும். பெப்தைட்டுக்குச் சமமான மூல் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பி.எச். மாறாமல் காக்கும் தாங்கற்கரைசலாகப் பொசுபேற்றைப் பயன்படுத்துங்கள். திரிஸ் போன்ற அமைன் கொண்டவை ஐப்போகுளோரசு அமிலத்தைத் தாமே பிடித்துக் குளோரமைனாக மாற்றிவிடும். குறித்த நேரம் முடிந்ததும் மிகையான மெதியோனினைச் சேர்த்துத் தாக்கத்தை நிறுத்துங்கள்.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் இடம் வருகிறது. மாணவப் பருவத்தில், ஓர் ஆய்வுகூடத்தில், பெப்தைட்டைக் கரைத்து மேசையில் வைத்திருந்த வேளை மின்சாரம் தடைப்பட்டது. பிற்பகல் முழுவதும் அது அறை வெப்பத்திலேயே கிடந்தது. மறுநாள் அளந்தபோது, ஒட்சியேற்றி இடாத கட்டுப்பாட்டு மாதிரியிலும் ஒட்சியேறிய பெப்தைட்டின் உச்சி எழுந்து நின்றது. ஒட்சியேற்றி இட்ட மாதிரியை மட்டும் பார்த்திருந்தால் அதனை அழற்சியின் விளைவு என்றே எழுதியிருப்பேன். அதன் பின்னர் நான் கைக்கொள்ளும் ஒழுங்கு எளியது. பெப்தைட்டை உலர்நிலையில் சிறு பங்குகளாகப் பிரித்து மறை 20 பாகை செல்சியசில் வைத்து, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை மட்டுமே எடுக்கிறேன். எடுத்த குப்பியை உடனே திறப்பதில்லை. வாவிக் காற்றின் ஈரப்பதத்தில் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறம் கண்ணெதிரே பனித்து, தூள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்கிறேன். டைமெதைல் சல்பொட்சைட்டும் மெதியோனினை மெல்ல ஒட்சியேற்றக்கூடியது, அமிலச் சூழலில் இன்னும் எளிதாக. எனவே அதில் கரைக்க நேர்ந்தால் கரைப்பான் மட்டும் பட்ட மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.

அளவீட்டில், மெதியோனின் சல்பொட்சைட்டாக மாறும்போது ஓர் ஒட்சிசன் சேர்வதால் திணிவு 16 கூடுகிறது. மெதியோனின்-என்கெபலினில் 574 அளவில் இருந்தது 590 ஆகிறது. சல்பொட்சைட்டு கூடுதலாக நீரை விரும்புவதால், கரைசலின் கூறுகளைப் பிரித்து உச்சிகளாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில், நீரை விலக்கும் சி-18 நிரலிலிருந்து மூலப் பெப்தைட்டுக்கு முன்னதாக வெளிவரும். அது இரு சமபகுதிய வடிவங்களில் உண்டாவதால் உச்சி இரண்டாகப் பிளந்து தெரிந்தால் திகைக்க வேண்டியதில்லை. 16 கூடியது என்பது மட்டும் மெதியோனினுக்குச் சான்றாகாது. திணிவு நிறமாலையில் அயனை உடைக்கும்போது 64 அலகு கழிந்தால், ஒட்சிசன் மெதியோனினின் கந்தகத்தில்தான் ஏறியது என்பது உறுதியாகும். அக்கருவி கையில் இல்லாதவர் எச்.பி.எல்.சி.யுடன் நிறுத்தி, முடிவையும் அந்த அளவுக்கே எழுதலாம்.

திணிவு மாறியதால் செய்தி கெட்டுவிட்டது என்று ஆகாது; செயலைத் தனியே சோதிக்க வேண்டும். நடுநிலைநாடிகள் நகர்வதை அளக்கும் சோதனையில், எஞ்சிய ஒட்சியேற்றி கலங்களையே காயப்படுத்தி, அவை நகராமல் நின்றதைப் பெப்தைட்டின் செயலிழப்பாகக் காட்டக்கூடும். இதனைத் தவிர்க்க, முதலில் மெதியோனினையும் ஒட்சியேற்றியையும் கலந்து, அதன் பின்னரே பெப்தைட்டைச் சேர்த்த ஒரு மாதிரியைக் கட்டாயம் வைத்திருங்கள். அதில் கலங்கள் வழமைபோல் நகர வேண்டும். ஒட்சியேறிய பெப்தைட்டை மெதியோனின் சல்பொட்சைட்டு ரிடக்டேசு நொதியத்தால் மீளத் தாழ்த்தி, செயல் திரும்புவதைக் காட்ட முடிந்தால் அதைவிட வலுவான சான்று இல்லை. அந்நொதியத்தின் ஏ, பி என்ற இரு வகைகள் சல்பொட்சைட்டின் மேற்சொன்ன இரு சமபகுதிய வடிவங்களில் ஒவ்வொன்றை மட்டுமே தாழ்த்துவதால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

நோயாளியின் புண்நீரையோ குருதியையோ எடுப்பதற்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். மாதிரி எடுக்கும் குழாயில் மெதியோனினையும், ஐதரசன் பேரொட்சைட்டைச் சிதைக்கும் நொதியமான கற்றலேசையும் ஏற்கெனவே இட்டு, படுக்கையருகிலேயே பனிக்கட்டியில் வையுங்கள். கூடவே இரண்டாவது குழாயொன்றில், ஒட்சியேறாத தூய பெப்தைட்டை வெறும் தாங்கற்கரைசலில் இட்டு, வைத்தியசாலையிலிருந்து ஆய்வுகூடம் வரை அதே பெட்டியில் கொண்டுபோய், அதே படிமுறைகளுக்கும் உட்படுத்துங்கள். அக்குழாயில் தோன்றும் சல்பொட்சைட்டு வழியிலும் கையாளுதலிலும் உண்டானது. நோயாளியின் மாதிரியில் அந்த அளவைத் தாண்டித் தெளிவாக நிற்பதை மட்டுமே அழற்சியின் கணக்கில் எழுதுங்கள்.