வேட்டை கேமில் துப்பாக்கி தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள், கொஞ்சம் போட்டி நினைவுகளோடு

வேட்டை கேம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மேப்பைப் பார்ப்பதற்கு முன்பே துப்பாக்கிக் கடையைத் திறந்து பார்த்துவிடுவார்கள். கொஞ்சம் கேம் பணம் சேர்ந்ததும் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய கேலிபரை (தோட்டாவின் பருமனைக் குறிக்கும் அளவு) வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு எதிரில் வருவதையெல்லாம் சுடத் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில், "நான் சரியாகத்தான் குறி வைத்தேன், கேம்தான் ஏமாற்றுகிறது" என்று புலம்பல் கிளம்பும். பெரும்பாலும் கேம் ஏமாற்றியிருக்காது. துப்பாக்கியை அதன் பலத்தை வைத்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். விலங்கையும் தூரத்தையும் வைத்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

சில காலம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிகளில் சுட்டவன் நான். அங்கே படிந்த பழக்கங்களில் சில இந்த கேம்களில் அப்படியே கைகொடுக்கின்றன, சில காலை வாருகின்றன. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். உதாரணங்களுக்கு 2017-ல் வெளிவந்த ‘தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்’ கேமை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வேட்டை கேம்களிலும் அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

பெரிய கேலிபர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற நினைப்பு

இந்த கேமில் விலங்குகள் 1 முதல் 9 வரை கிளாஸ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முயல் 1, செந்நரி 2, ரோ மான் 3, வெள்ளைவால் மான் 4, செம்மான் 6, மூஸ் 8, காட்டெருமை 9. ஒவ்வொரு தோட்டாவுக்கும் எந்தக் கிளாஸிலிருந்து எந்தக் கிளாஸ் வரை பொருந்தும் என்று ஒரு வரம்பு உண்டு. தொடக்கத்தில் கையில் கிடைக்கும் .243 ரைஃபிள் 2 முதல் 6 வரை தாங்கும். அதாவது நரியிலிருந்து செம்மான் வரை ஒரே துப்பாக்கியில் முடிந்துவிடும். அதை ஓரம் கட்டிவிட்டு மேக்னம் (கூடுதல் மருந்தடைத்த பலமான தோட்டாவைச் சுடும் ரைஃபிள்) வாங்க அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வரம்புக்கு மேற்பட்ட துப்பாக்கியால் சிறிய விலங்கைச் சுட்டாலும் அது விழத்தான் செய்யும். ஆனால் அறுவடைத் திரையில் தோட்டாவுக்கான இடத்தில் குறுக்குக் கோடு விழுந்து கோப்பையின் (வேட்டைக்குக் கிடைக்கும் பரிசின்) தரம் இறங்கிவிடும். வரம்புக்குக் கீழே போனால் கதை வேறு. அடிபட்ட விலங்கு ஓடிவிடும், ரத்தத் தடம் பிடித்துக்கொண்டு மலையேற வேண்டியிருக்கும். நிஜத்திலும் கணக்கு இப்படித்தான். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறிய தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் பெரும்பாலும் 200 ஜூல் (ஆற்றலின் அலகு) கூட இருக்காது. .300 வின்செஸ்டர் மேக்னம் 4,500 ஜூலுக்கு மேல் போகும். இவ்வளவு இடைவெளியை ஒரே துப்பாக்கியால் நிரப்ப முடியாது, எந்த கேமும் அதற்கு விடாது.

தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவது

போட்டியில் சுட்டவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். ஏர் ரைஃபிள் அரங்கில் தூரம் என்ற கேள்வியே கிடையாது. இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. நேற்றும் அங்கேதான், நாளைக்கும் அங்கேதான். 4.5 மி.மீ. பெல்லட், 0.5 மி.மீ. அளவுள்ள ஒரு புள்ளியில் பட்டால்தான் பத்து மதிப்பெண். முழு கவனமும் உடம்பின் மேல், மூச்சின் மேல், விசையில் இருக்கும் விரலின் மேல். போட்டிக்கு முன் தயாராவதற்கும் சோதனைக் குண்டுகளுக்கும் 15 நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் எத்தனை சோதனைக் குண்டுகள் வேண்டுமானாலும் சுடலாம்; அரங்கின் வெளிச்சத்துக்கு ஏற்ப சைட்டை (குறி பார்க்கும் அமைப்பை) இரண்டு கிளிக் இப்படி, ஒரு கிளிக் அப்படி என்று திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதன் பிறகு 60 குண்டுகளுக்கும் அதே குறி.

காட்டில் இந்த வசதி எதுவும் இல்லை. 50 மீட்டருக்கு ஜீரோ செய்த (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த) .22 எல்ஆர், 100 மீட்டருக்குப் போவதற்குள் 15 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கிவிடும். முயலின் மொத்த உயரத்தை நினைத்துப் பாருங்கள், குண்டு அதற்கு முன்னாலேயே மண்ணில் போய் விழும். .270 போன்ற வேகமான தோட்டா நொடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. அதுவே 300 மீட்டரை எட்ட மூன்றில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நிதானமாக நடந்து போகும் மான் அதற்குள் ஏறத்தாழ 40 செ.மீ. நகர்ந்திருக்கும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் படும். "நெஞ்சில்தானே வைத்தேன்" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே துப்பாக்கி வாங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் வழக்கமாக எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறீர்கள்? அடர்ந்த காட்டில் விலங்கு கண்ணில் படுவதே 60, 80 மீட்டரில்தான் என்றால், 400 மீட்டர் எட்டும் ரைஃபிளால் என்ன பயன்? திறந்த புல்வெளி மேப் என்றால் நிலைமை தலைகீழ், அங்கே நெருங்குவதுதான் கடினம். அடுத்தது ஜீரோ தூரம். இந்த கேமில் அதை மாற்றும் வசதி தொடக்கத்தில் பூட்டியிருக்கும், திறன் புள்ளி செலவழித்தால்தான் திறக்கும். பலர் அந்தப் புள்ளியை வேறு எதிலாவது போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ரைஃபிள் பிரிவில் அதற்குத்தான் முன்னுரிமை.

தூரமானி வாங்காமல் இரண்டாவது ரைஃபிள் வாங்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். கண்ணளவில் தூரம் சொல்வது திரையில் இன்னும் கடினம்; ஸ்கோப்பில் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியில்) எல்லாம் கிட்டத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது, கோடு போட்டாற்போல் அளந்த தூரத்தைவிடக் கிடைமட்டத் தூரம்தான் குண்டின் இறக்கத்தைத் தீர்மானிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்தாக இல்லாவிட்டால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

ஸ்கோப்பின் எண்ணைப் பார்த்து மயங்குவது

உருப்பெருக்கம் கூடினால் குறி நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் இலக்கோடு சேர்ந்து உங்கள் ஆட்டமும் பெரிதாகத் தெரியும். 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்பே கிடையாது. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டம் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் கோச் முதல் மாதத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காதே, சிறிதாக்கு, ஆடும்போதே விசையை மெதுவாக அழுத்து. சரியான நொடிக்காகக் காத்திருந்து வெடுக்கென்று இழுத்தவர்களின் குண்டு எப்போதும் ஏழிலோ எட்டிலோ போய் நிற்கும்.

கேமிலும் இந்த ஆட்டம் இருக்கிறது. ஓடி வந்து நின்றால் இதயத் துடிப்பு ஏறியிருக்கும், ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அலையும். பெரிய ஸ்கோப் போட்டவர்களுக்கு இது கடலில் படகுபோலத் தெரியும். உட்காருங்கள், முடிந்தால் படுங்கள், துடிப்பு இறங்கட்டும், மூச்சைப் பிடித்துச் சுடுங்கள். அப்போது 4 மடங்கு ஸ்கோப்பே 150 மீட்டருக்குத் தாராளம்.

உருப்பெருக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு: பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். கூட்டத்தில் பெரிய கொம்புள்ள ஆணைப் பார்த்து வைத்திருப்பீர்கள். ஸ்கோப்பில் கண் வைக்கும் நேரத்தில் அது இரண்டடி நகர்ந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து நிற்கும். இலக்கு மாறிப்போவது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. அவர் சுட்டது பக்கத்து லேனின் இலக்கை. நல்ல குண்டுதான், 8.1, ஆனால் அவர் கணக்கில் பூஜ்யம். தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போனது, எமன்ஸ் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். எங்கள் அரங்கில் ஒவ்வொரு குண்டுக்கும் முன் லேன் எண்ணை ஒருமுறை பார்க்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். கேமில் நான் செய்வதும் அதேதான்: உருப்பெருக்கத்தைக் குறைத்துவைத்து கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்ப்பேன், அப்புறம்தான் பெரிதாக்குவேன். அதனால் வாங்கும்போது உருப்பெருக்கத்தை மாற்ற முடிகிற ஸ்கோப்பாகப் பார்ப்பது நல்லது.

அந்திப்பொழுதில் வேட்டையாடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x56 என்றால் 7 மி.மீ., இருட்டில் கண்மணி விரியும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சரி. நிஜ ஸ்கோப்பில் மிக முக்கியமான விஷயம் இது. கேம்களில் சில இதைக் கணக்கில் எடுக்கும், சில வெறும் படமாக விட்டுவிடும்.

தோட்டா வகை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விரிவு, ஊடுருவல் என்று இரண்டு அளவுகள் காட்டுவார்கள். அதிகம் விரியும் தோட்டா பக்கவாட்டில் நிற்கும் மெலிந்த விலங்குக்குச் சரி. தோள் எலும்பை உடைத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ஊடுருவல் வேண்டும். நிஜ உலகில் ஒரு தோட்டாவுக்கு இருக்கும் பெயரை நம்பி வாங்காதீர்கள். கேமை உருவாக்கியவர்கள் அதற்கு என்ன எண் போட்டிருக்கிறார்களோ அதுதான் செல்லும்.

கையில் எட்டுத் துப்பாக்கி

ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு துப்பாக்கியை மாற்றுவது சேகரிப்பாளருக்கு இன்பம், சுடுகிறவருக்கு நஷ்டம். இந்த கேமில் ரைஃபிள், ஷாட்கன் (சிறு ரவைகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி), கைத்துப்பாக்கி, வில் என்று தனித்தனி மதிப்பெண் ஏறும். ஒன்றை நிறையப் பயன்படுத்தினால்தான் அந்தப் பிரிவில் அடுத்த ஆயுதம் திறக்கும். நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எதிலும் ஏறாது. பையின் எடை வரம்பு வேறு இருக்கிறது.

போட்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். ஏர் ரைஃபிளுக்கு விதி அனுமதிக்கும் உச்ச எடை 5.5 கிலோ. அதற்குள் கன்னம் வைக்கும் பலகையை ஒரு மி.மீ. ஏற்றி, தோளில் பதியும் கொக்கியை ஒரு மி.மீ. இறக்கி, குறிப்பேட்டில் எழுதி வைத்து, வருடக்கணக்கில் அதே துப்பாக்கியோடு குடித்தனம் நடத்துவார்கள். பக்கத்து லேன்காரர் புது மாடல் வாங்கினார் என்று கேட்டால் பொறாமை வரும், அது வேறு. ஆனால் அவசரத்துக்கு ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்கிச் சுட்டால், அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் மதிப்பெண் சரிந்துவிடும். கேமில் கன்னப் பலகை இல்லைதான். இருந்தாலும் ஒரே ரைஃபிளில் ஒரே ஸ்கோப்போடு நூறு விலங்கைச் சுட்டவருக்கு, 200 மீட்டரில் குண்டு எங்கே இறங்கும் என்று யோசிக்காமலே தெரியும்.

என் பரிந்துரை: சிறு விலங்குக்கு ஒரு .22, நடுத்தரத்துக்கு .243, மூஸ் அளவுக்கு வந்த பிறகு பெரிதாக ஒன்று. முதல் இரண்டிலேயே வெகுதூரம் போகலாம்.

செமி ஆட்டோமேட்டிக்கை நம்பிச் சுடுவது

செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை அழுத்த அழுத்த அடுத்த குண்டு தானே ஏறிக்கொள்ளும். முதல் குண்டு தவறினால் அடுத்தது இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பலர் இதை வாங்குகிறார்கள். அந்தத் தைரியமே முதல் குண்டைக் கெடுத்துவிடுகிறது. போட்டியில் ஒவ்வொரு பெல்லட்டையும் கையால் எடுத்து வைத்து மூடிச் சுடவேண்டும். சுட்ட பிறகும் ஒரு நொடி குறியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் வரை ரைஃபிள் அசையக் கூடாது என்பதற்காக. கேமில் குழலுக்குள் பயணம் என்ற ஒன்று உணரும் அளவுக்கு இல்லை, ஆனாலும் கண்ணை ஸ்கோப்பிலேயே வைத்திருப்பதில் லாபம் உண்டு. விலங்கு எப்படித் துள்ளியது, எந்தப் பக்கம் ஓடியது, எந்தப் புதரில் மறைந்தது என்பதைப் பார்த்துவிடலாம். தடம் தேடும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்ற வேண்டிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் உங்களை இந்த நிதானத்துக்குப் பழக்கும். நிதானம் வந்த பிறகு செமி ஆட்டோமேட்டிக் எடுத்தால் அது நல்ல கருவிதான், குறிப்பாகக் காட்டுப்பன்றிக் கூட்டத்தில்.

ஷாட்கனை ரைஃபிள்போல் பிடிப்பது

ரைஃபிள்காரர்கள் பறவை வேட்டையில் திணறுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எங்கள் அரங்குக்குப் பக்கத்தில் டிராப் (பறக்கும் தட்டுகளை ஷாட்கனால் சுடும் போட்டி) களம் ஒன்று இருந்தது. இடைவேளையில் போய் நின்று பார்ப்போம். 110 மி.மீ. விட்டமுள்ள களிமண் தட்டு பறக்கும். சுடுகிறவர் இரண்டு கண்ணையும் திறந்து தட்டைத்தான் பார்ப்பார், குழல் முனையைப் பார்க்கவே மாட்டார். குழல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது விசை விழும். நகர்வை நிறுத்தியவர் குண்டுகள் தட்டுக்குப் பின்னால் போகும். அசையாமல் நிற்பதையே தவமாகச் செய்த எங்களுக்கு அது வேறு உலகம்.

கேமில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது தோட்டாவை. பறவைக்குச் சிறு ரவை, மானுக்குப் பெரிய ரவை அல்லது ஸ்லக். ஸ்லக் போட்டுக்கொண்டு வாத்துக்கு நின்றால், ஒற்றைக் குண்டால் பறக்கும் பறவையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெரிய ரவையை 100 மீட்டரில் நிற்கும் மானின்மேல் வீணாக்குவதும் அதே ரகம். பரவிப்போன ரவையில் இரண்டோ மூன்றோ பட்டு மான் காயத்தோடு ஓடும், கோப்பையும் போகும். 30, 40 மீட்டருக்குள் விலங்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஷாட்கன் எடுங்கள். இல்லையென்றால் ஒரு அழைப்புக் கருவியும் பதுங்க நல்ல புதரும் தேடுங்கள், அல்லது .243-ஐயே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.