அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: அந்தியேட்டிக்குள் நினைவு மலர் தயாரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைக் கல்வெட்டு என்போம். உத்தியோகம் பார்த்தவருக்கு அதை எழுதுவது சுலபம். பள்ளிக்கூடம், பதவி, இடமாற்றம், ஓய்வு என்று வரிசை தானாக வந்துவிடும். வீட்டை நடத்திய அம்மாவுக்கோ, பிறந்தா, கலியாணம் கட்டினா, பிள்ளைகளைப் பெற்றா, சிவபதம் அடைந்தா என்று நாலு வரியில் முடித்து, மிச்சப் பக்கங்களைத் தேவாரத்தால் நிரப்பிவிடுகிறார்கள். அவ செய்த வேலைதான் அவவின் வரலாறு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அச்சகத்துக்கு ஒரு கிழமையும் பிழை திருத்த மூன்று நாளும் ஒதுக்கினால், எழுத்து வேலை இருபதாம் நாளில் முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இரண்டு கிழமையில் திரும்பிவிடுவார்கள். ஆகவே எட்டாம் நாளையொட்டிச் செய்யும் எட்டுச் செலவுக்கு எல்லாரும் கூடும்போதே கேட்கத் தொடங்குங்கள். முதலில் அவவின் சகோதரங்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாகப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தாயின் கலியாணத்துக்கு முந்திய காலம் பெரும்பாலும் தெரியாது.

“அம்மம்மா எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “தங்கமான மனுசி” என்ற பதில்தான் வரும். அது எந்தக் கல்வெட்டிலும் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினா? யாருடைய படிப்புக்கு எந்த நகையை ஈடு வைத்தா, அது மீண்டதா? சீட்டுப் பிடித்தாவா? மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எப்படிச் சமாளித்தா? இடம்பெயர்ந்தபோது எதைத் தூக்கிக்கொண்டு போனா, எதை விட்டுவிட்டுப் போனா? பதிலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அன்றிரவே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் யார் சொன்னது என்பதே மறந்துவிடும்.

ஆண்டு தெரியாவிட்டால் ஊருக்கே தெரிந்த நிகழ்வோடு பொருத்திக் கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னரா பின்னரா, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எத்தனை பிள்ளைகள், 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் கடைக்குட்டிக்கு என்ன வயது? இரண்டு பேர் இரண்டு ஆண்டு சொன்னால் ‘எண்பதுகளின் தொடக்கத்தில்’ என்று எழுதுவதே நேர்மை.

பிறந்த திகதியை முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாருங்கள். அது இல்லையென்றால் பழைய அடையாள அட்டை உதவும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் நாள். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 45582 என்று தொடங்கினால் 1945ஆம் ஆண்டின் 82ஆம் நாள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவதால் அது மார்ச் 22. சாதகக் குறிப்போடும் ஒப்பிடுங்கள். அட்டை எடுக்கும்போது திகதி மாறிப்போனவர்கள் பலர்.

சமையலுக்கு இரண்டு பக்கமாவது விடுங்கள். ‘ஒரு கை, கொஞ்சம், அளவாக’ என்று எழுதினால் பேத்தி சமைக்க முடியாது. அவவின் கைப்பழக்கம் தெரிந்த மகளையோ மருமகளையோ சமைக்கச் சொல்லி, ஒவ்வொரு பிடியையும் பாத்திரத்தில் போடுமுன் தராசில் வையுங்கள். சுண்டால் அளந்த (தகரப் பேணி அளவு) கணக்கையும் கிராமில் நிறுத்து எழுதுங்கள். தூள் வறுத்ததென்றால் மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் ஆகியவற்றின் நிறையோடு, எதை முதலில் வறுத்தா, எதைக் கடைசியில் போட்டா என்பதும் வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத் தூளும் கைக்கும்.

இறந்த ஆண்டையும் திதியையும் சொல்லும் திதி வெண்பாவுக்குப் புலவரிடம் பெயர், ஊர், உயிர் பிரிந்த நாள், சரியான நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. கனடாவிலோ இலண்டனிலோ இறந்திருந்தால் அந்த நகரத்தின் பெயரும் அங்குள்ள நேரமும் ஐயருக்குத் தெரிய வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் குடும்பம் முன்னரே தீர்மானிக்கட்டும், ஆண்டுத் திவசம் வரை அந்தக் கணக்குத்தான் தொடரும். ஆண்டுப் பெயரில் பிழை வருவது மார்ச் மாதத்தில்: 2025 மார்ச்சில் இறந்தவருக்கு ஆண்டு குரோதி, விசுவாவசு அல்ல. வெண்பா வந்ததும் கடைசி அடியில் மூன்றே சீர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நாலு சீர் இருந்தால் அது வெண்பா அல்ல.

படங்களை 300 டிபிஐயிலும், சிறிய பழைய படங்களை 600இலும் ஸ்கான் செய்யுங்கள். அல்பத்தில் ஒட்டிப்போனதை உரிக்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கான் செய்யலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். அட்டைக்கு ஸ்டூடியோப் படத்தைத்தான் எல்லாரும் தேடுவார்கள். சுளகோடு இருக்கும் படம் ஒன்று கிடைத்தால் அதையே போடலாம் என்பது எங்கள் எண்ணம்.

சண்டை வருவது உறவுப் பட்டியலில். ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்குங்கள். மருமக்களின் பெயர், இறந்த பிள்ளைக்கு ‘அமரர்’, புதிதாகப் பிறந்த பூட்டப்பிள்ளை ஆகியவைதான் வழக்கமாக விடுபடும். அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் அச்சிட வேண்டாம்.

அளவு ஏ5. நடுவில் கம்பி அடிப்பதானால் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும், 32 அல்லது 40 போதும். தாளின் கனம் உள்ளே 100 ஜிஎஸ்எம், அட்டைக்கு 250. பல அச்சகங்கள் யூனிகோடைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘ஔ’ போன்றவை சிதையும். அதனால் உங்கள் கோப்பைத் திருத்தியது போதாது, அவர்கள் பக்கம் அமைத்த பிறகு தாளில் எடுத்து ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிரதிகளை ஆளுக்கல்ல, வீட்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டு, மேலதிகமாக 25 வையுங்கள். மிச்சப் பணத்தைக் கொடுக்குமுன் இறுதிப் பிடிஎப் கோப்பை வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் இன்னொன்றை, நினைவு மலர்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.