கரிசல் தடத்தில் பைக் ஓட்டிப் பழகுவது: ஆஃப்-ரோடுக்குப் புதியவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பயணம்

லடாக்குக்கோ ஸ்பிட்டிக்கோ கிளம்பும் முன் மண்ணில் ஓட்டிப் பழக நினைப்பவர்களுக்குக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டாரம் நல்ல தேர்வு. வறண்ட கண்மாய், டிராக்டர் தடம் பதிந்து இறுகிய வண்டிப்பாதை, வைப்பாற்று மணல் மூன்றும் ஒரே நாள் ஓட்டத்துக்குள் வந்துவிடும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். கை கால் சோர்ந்துவிட்டால் அறைக்குத் திரும்புவது சுலபம்.

பங்குனி முதல் ஆவணி வரை ஏற்ற காலம். அதன்பின் மானாவாரி விதைப்பு தொடங்கிவிடும், மாசி வரை காட்டில் வெள்ளாமை நிற்கும். எந்த மாதமானாலும் உழுத நிலத்திலும் வரப்பிலும் கண்மாய்க் கரை மீதும் சக்கரத்தை ஏற்றாதீர்கள். கண்மாய்க்குள் இறங்கும் முன் ஊரில் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே மண் அள்ளிய குழி, எங்கே மேலே காய்ந்து உள்ளே சேறு என்பது ஆடு மேய்ப்பவர்களுக்கு அத்துப்படி. காலை 6 முதல் 10 வரை, மாலை 4 மணிக்கு மேல் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

வண்டியைத் தயார் செய்வது

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இரண்டிலும் முன் சக்கரம் 21 அங்குலம், அடியில் 220 மி.மீ. இடைவெளி. பழகுவதற்கு எக்ஸ்பல்ஸையே பரிந்துரைக்கிறோம். அது ஹிமாலயனைவிடச் சுமார் 40 கிலோ குறைவு. விழுந்த வண்டியை வெயிலில் திரும்பத் திரும்பத் தூக்கும்போது அந்த 40 கிலோவின் அருமை தெரியும்.

கடைக்குப் போய் ஆக்சஸரீஸ் வாங்கும் முன், காசு செலவில்லாத மூன்று வேலைகளை முடியுங்கள்.

1. கிளட்ச், பிரேக் லிவர்களைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். நின்று ஓட்டும்போது முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். கம்பெனியில் உட்கார்ந்து ஓட்டுவதற்கேற்ப வைத்திருப்பார்கள்; அப்படியே விட்டால் சீக்கிரமே மணிக்கட்டு வலிக்கும். கிளாம்ப் போல்ட்டை ஓட்டும்போது அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்போது வண்டி விழுந்தாலும் லிவர் சுழன்றுகொடுக்கும், உடையாது.

2. ஃபுட்ரெஸ்டில் ரப்பர் இருந்தால் கழற்றுங்கள். சேறு பட்ட ஷூ அதன்மேல் வழுக்கும். பின் பிரேக் பெடல், நின்ற நிலையில் பாதத்தை வளைக்காமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

3. காற்றைக் குறையுங்கள். மண் தடத்துக்கு முன்னே 18, பின்னே 20 பி.எஸ்.ஐ.; பின்னால் லக்கேஜ் இருந்தால் 22. டயர் தரையில் அதிகமாகப் படர்ந்து பிடிக்கும், கல்லில் துள்ளுவதும் குறையும். ஆனால் இவை ட்யூப் உள்ள சக்கரங்கள். 14-க்குக் கீழே போனால் டயர் ரிம்மின் மேல் நழுவி, கூடவே ட்யூபையும் இழுத்து வால்வை அடியோடு பிய்த்துவிடும். வால்வில் ரிம்மை ஒட்டி இருக்கும் நட்டைத் தளர்த்தி மூடி வரை மேலே ஏற்றி வையுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் டயர் நழுவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

காசு செலவழிப்பதானால் முதலில் கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ், முழங்கால் கார்டு. பிறகு இரும்புப் பட்டை உள்ள ஹேண்ட் கார்டு, இன்ஜின் அடித்தகடு. வழியில் கைவசம் இருக்க வேண்டியவை: இரண்டு சக்கரத்துக்கும் ட்யூப், மூன்று டயர் லிவர், ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பானர், பஞ்சர் பேட்ச், பம்ப், காற்று மீட்டர், மாற்று கிளட்ச் லிவரும் கேபிளும், செயின் லாக் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), எம்-சீல், இன்சுலேஷன் டேப்.

முதல் நாள்: கண்மாய்க்குள், லக்கேஜ் இல்லாமல்

வேகம் 20-ஐத் தாண்ட வேண்டாம். இந்த நாளைத் தவிர்த்துவிட்டு நேராக ஆற்று மணலுக்குப் போகிறவர்கள்தான் காலை உடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

முதல் பாடம், தூக்குவது. இன்ஜினை அணையுங்கள். வண்டி நகராதபடி கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலை முழுதாக ஒடித்து, சீட்டில் முதுகைக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்புறச் சட்டத்தையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். பலம் தொடையிலிருந்து வரட்டும், இடுப்பிலிருந்து அல்ல.

அடுத்தது நின்று ஓட்டுவது. பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்டில், முழங்கால் டேங்கை அணைத்தபடி, முழங்கை வெளியே விரிந்து, பார்வை 15 மீட்டர் முன்னால். ஹேண்டிலைத் தொங்கிப் பிடிக்காதீர்கள். சோதிக்க ஒரு வழி உண்டு: நேராகப் போகும்போது இரண்டு கை விரல்களையும் ஒரு நொடி தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் எடை காலில் இல்லை, கையில் இருக்கிறது.

பிறகு மெதுவாக வளைப்பது. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வைத்து எட்டுப் போடுங்கள். ரோட்டில் வண்டியோடு சேர்ந்து சாய்வோம். இங்கே வண்டியை மட்டும் உள்ளே சாய்த்து, உடம்பை வெளிப்பக்கம் வைத்து, வெளிக்காலை அழுத்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்ச் பிடிமானத்திலும் பின் பிரேக்கிலும் கட்டுப்படுத்துங்கள். பாதி வளைவில் வண்டி சாய்ந்து விழுந்தால் பெரும்பாலும் கிளட்சை முழுதாகப் பிடித்திருப்பீர்கள்: சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்ததும் வண்டி நிமிர்ந்து நிற்காது.

கடைசியாக பிரேக். பின் ஏ.பி.எஸ்.ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். சாவியை அணைத்துப் போட்டதும் அது மறுபடி உயிர்பெறும் வண்டிகள் உண்டு, ஒவ்வொரு முறையும் பாருங்கள். 20 கி.மீ. வேகத்தில் பின் சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டி, அது வழுக்குவதைக் காலில் உணருங்கள். முன் பிரேக்குக்கு ஒரே விரல், ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும்.

இரண்டாம் நாள்: லக்கேஜுடன்

இரண்டு பக்கப் பையிலும் சேர்த்து 15 கிலோவுக்குள் முடியுங்கள். கனமானது கீழேயும் முன்னேயும். டாப் பாக்ஸ் வேண்டாம், நின்று ஓட்டும்போது வண்டியின் வாலை ஆட்டும். எலாஸ்டிக் கயிறு குலுக்கலில் கழன்று செயினில் சிக்கும். பெல்ட் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்கள்.

கோடையில் கரிசல் விரலளவு வெடித்துக் கிடக்கும். அதைவிட ஆபத்து, ஈரத்தில் பதிந்து காய்ந்த டிராக்டர் தடம். உள்ளே இறங்கிவிட்டால் அதற்குள்ளேயே ஓட்டுங்கள். பார்வையைத் தடத்தின் தூரத்து முனையில் வையுங்கள். கரையில் முன் சக்கரத்தை உரசி ஏறப் பார்த்தால் சக்கரம் உள்ளேயே ஓடும், உடம்பு வெளியே போகும். வெளியேறத் தடம் ஆழம் குறையும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, எடையைப் பின்னே தள்ளி, லேசாக முறுக்கி ஏறுங்கள்.

திடீர் மழை பிடித்தால் மண் தடத்தை விட்டு உடனே தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். ஈரக் கரிசல் டயரோடு ஒட்டி, முன் மட்கார்டுக்குள் அடைத்து, சிறிது தூரத்திலேயே சக்கரத்தைச் சுற்றவிடாமல் செய்துவிடும். முறுக்கிப் பயனில்லை, கிளட்ச்தான் கருகும். மாட்டிக்கொண்டால் குச்சியால் மண்ணைச் சுரண்டுங்கள், அல்லது மட்கார்டைக் கழற்றுங்கள்.

உடைமரம், சீமைக்கருவேல் ஓரமாக வண்டியை ஒதுக்காதீர்கள். வெட்டிய கிளை கிடக்கும் இடத்தில் முள் ட்யூபில் ஏறாமல் விடாது. பஞ்சர் ஒட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். ஒடிந்த முள்முனை அதில் சிக்கும். பின் ட்யூப் கைவசம் இல்லாவிட்டால் 21 அங்குல ட்யூபைப் பின் சக்கரத்தில் போட்டு மெதுவாக ஊர் சேரலாம்.

விளாத்திகுளம் பக்கம் வைப்பாற்றில் இறங்கும் முன் காற்றை 15-க்குக் குறையுங்கள். சரிவில் முதல் கியர், கிளட்சைத் தொடாமல் இறங்குங்கள். மணலில் எழுந்து நின்று, எடையைப் பின்னே தள்ளி, இரண்டாவது கியரில் சீராக இழுங்கள். ஹேண்டில் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் எடை முன்னே விழுந்து முன் சக்கரம் புதையும், விழுவது அங்கேதான். பின் சக்கரம் புதைந்துவிட்டால் மேலும் முறுக்காதீர்கள். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழியை மூடி, நிமிர்த்திக் கிளம்புங்கள்.

கரையேறும்போது பாதியில் இன்ஜின் நின்றால் கிளட்சைத் தொடாதீர்கள், கியரே வண்டியைப் பிடித்து நிறுத்தும். முன் பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிப் பின்னே வரும். நிலையாக நின்றபின், இன்ஜின் அணைந்த நிலையிலேயே கிளட்ச் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, பின்னோக்கி உருட்டி, வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, கீழ்நோக்கி நேராக்கி இறங்குங்கள்.

தார் ரோட்டை எட்டியதும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றடியுங்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறும். ஸ்போக் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. பிரேக்கை இரண்டு மூன்று முறை பிடித்துப் பாருங்கள், ஏ.பி.எஸ். திரும்ப இயங்குகிறதா என்றும் பாருங்கள். செயினில் மணல் இருந்தால் அதன்மேல் லூப் (மசகு எண்ணெய்) அடிக்காதீர்கள். முதலில் துடையுங்கள், பிறகு லூப்.