பழைய புடவையில் பேரனுக்கு ஒரு போர்வை

என் தையல் வகுப்பில் முதலில் கற்றுத் தருவது ரவிக்கை அல்ல, துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைதான். மகள் பிரசவத்துக்கு வந்தபோது, மாமியாரின் நைந்த சுங்குடிச் சேலைகளைக் கொண்டு அப்படி ஒரு போர்வை தைத்தேன்.

பருத்திப் புடவைதான் வேண்டும். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, அட்டை அளவு வைத்து 6 அங்குலச் சதுரங்களாக 36 வெட்டுங்கள். மடிப்புக் கிழிந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து, வரிசைக்கு 6 சதுரமாக இணையுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் வரிசையின் தையல் பிசிறுகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையை இடப்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். விரலால் தடவினாலே தெரியும், மேடு இருக்காது. முடிந்ததும் ஏறக்குறைய 33 அங்குலம் வரும்.

அப்புறம் அடியில் ஒரு புடவைத் துணி, நடுவில் இரண்டு மடிப்புப் புடவைத் துணி, மேலே இணைத்த சதுரங்கள். அடித்துணியையும் நடுத்துணியையும் நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்துங்கள். எல்லா மடிப்பும் சேர்ந்து பிடிக்க, கையால் நூலோட்டம் (நேர்த் தையல்) ஓட்டுங்கள். நான் இரவு எட்டு மணிக்கு, மாமியார் பக்கத்தில் வெற்றிலை மடிக்க, தினம் இரண்டு வரிசை ஓட்டினேன். கடைசியில் மிச்சத் துணியை வெட்டிவிட்டு, சேலைக் கரையாலேயே ஓரம் கட்டினேன். ஊக்குகளை எண்ணி எடுங்கள், குழந்தைக்குப் போர்த்துவது.