வெல்டிங் மேசையில் கழற்றி மாட்டும் பேண்ட்சா

பேண்ட்சா என்பது வளையமான பட்டைப் பிளேடு ஓடி இரும்பை வெட்டும் ரம்பம். அதை நிறுத்த என் மேசையில் இப்போது இருப்பது இரண்டாவது தாங்கி. முதலாவதை மேசைக் காலோடு சேர்த்துப் பற்றவைத்து, பச்சைப் பெயின்ட்டும் அடித்து, நான்கே மாதத்தில் நானே கிரைண்டரால் அறுத்து எறிந்தேன். ஏன் அறுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவுகள் பிறகு.

தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டின் பின்புறம் ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் பட்டறை. வளைகுடாவில் பைப் ஃபேப்ரிகேஷனில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான். இப்போது கேட், கிணற்று மூடி, ரப்பர் ஷீட் உலர்த்தும் ஸ்டாண்டு என்று ஊர் வேலைகள். முதலில் 355 மி.மீ. கல் போட்ட கட்டிங் மெஷினில்தான் வெட்டினேன். அந்தச் சத்தம் மூன்று வீடு தாண்டும். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மதியம் இரண்டு மணிக்குப் படுப்பவர். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஜன்னலை மட்டும் சாத்துவார். அது சொல்வதைவிட மோசம். போதாக்குறைக்கு ஒரு நாள் பொறி பறந்து, அடுப்புக்கு என்று வீட்டில் சேர்த்துவைத்திருந்த கொதும்பிலும் சில்லாட்டையிலும் விழுந்து புகைந்தது. பேண்ட்சாவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பொறி கிடையாது, பிசிறு குறைவு, வெட்டிய துண்டைக் கொஞ்ச நேரத்திலேயே கையால் எடுக்கலாம். நான் முதல் முறை அதில் வெட்டிய நாளில் ஆசிரியர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இன்றைக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார்.

கையில் பிடித்து வெட்டும் பேண்ட்சாவைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு தகட்டைப் பொருத்தினால், அது சின்ன மேசைப் பேண்ட்சா ஆகிவிடும். மெஷின் அசையாமல் நிற்க, இரும்பைத்தான் நாம் தள்ள வேண்டும். வித்தை அவ்வளவுதான். நான் செய்த தவறு, அதை மேசையிலேயே நிரந்தரமாக நிறுத்தியது.

ஒரு நாள் ஷெட்டின் இரும்புத் தூணில் கொண்டி ஒன்றைப் பற்றவைத்தேன். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பைத் தூணிலேயே மறந்துவிட்டு, மேசைக்கு வந்து அடுத்த வேலையில் வெல்டிங் ராடை உரசினேன். ஆர்க் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ராடு ஈரமாக இருக்கும் என்று நினைத்து ஆம்பியரைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பார்த்தால் பேண்ட்சாவின் ஒயர் இளகித் தொங்குகிறது. நடந்தது இதுதான்: மேசையில் கிளாம்ப் இல்லாததால் வெல்டிங் மின்சாரம் மேசையிலிருந்து பேண்ட்சாவின் உடலுக்கு ஏறி, அதன் மூன்று பின் பிளக்கின் எர்த் கம்பி வழியாக ஸ்விட்ச் பெட்டிக்குப் போய், பெட்டி திருகப்பட்டிருந்த அதே தூண் வழியாகக் கிளாம்புக்குத் திரும்பியிருக்கிறது. 10 கேஜ் ராடுக்கு நாம் வைப்பது நூறு ஆம்பியருக்கு மேல். அந்த மெல்லிய கம்பி எப்படித் தாங்கும்? இதோடு, மெஷினைத் திறந்து பார்த்தபோது, சக்கரங்களில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையங்களில் வெல்டிங் தெறிப்பு அம்மைத் தழும்பு மாதிரி பதிந்திருந்தது.

ஆகவே, பற்றவைக்கும்போது பேண்ட்சா மேசையில் இருக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, மெஷினே இறங்க வேண்டும். அரை நிமிடத்தில் கழற்ற முடிந்தால்தான் கழற்றுவோம். ஐந்து நிமிடம் ஆகும் என்றால் சோம்பலில் விட்டுவிடுவோம். கீழே உள்ள ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மேசையின் வலப்பக்க விளிம்புக்கு அடியில், 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. சுவர், 200 மி.மீ. நீளத் துண்டு ஒன்றைக் குறுக்காகப் பற்றவையுங்கள். இதுதான் உறை. இதன் உள்ளளவு 44 மி.மீ. வருவதால் 40 மி.மீ. சதுரக் குழாய் தளர்வாக உள்ளே போகும். அந்தத் தளர்ச்சி நல்லதுதான். உறையின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 11 மி.மீ. துளை போட்டு, மேலே எம்10 நட்டைப் பற்றவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட்டைத் திருகுங்கள். இரண்டு போல்ட்டும் உள்குழாயை எதிர் மூலைக்குத் தள்ளி அமுக்கிவிடும். துளியும் ஆடாது. ஒவ்வொரு முறையும் அதே மூலைக்கே போவதால், மட்டமும் மாறாது. ஒரு விஷயம்: குழாயின் உள்ளே நீளவாக்கில் ஒரு தையல் மேடு இருக்கும், விரலை விட்டுப் பாருங்கள். அந்த மேடு போல்ட் உள்ள பக்கத்தில் வருமாறு உறையைத் திருப்பி வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் வந்தால் உள்குழாய் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, நீங்கள் என்ன செய்தாலும் கோணலாகவே நிற்கும். போல்ட் தலைக்கு ஒரு சின்னக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்தால் ஸ்பேனர் தேட வேண்டாம்.

குழாயும் பிளாட்டும் (பட்டை இரும்பு) ஆக்கர் கடையிலேயே, அதாவது பழைய இரும்புக் கடையிலேயே, கிடைக்கும். தகட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். 250 மி.மீ. சதுரம், 6 மி.மீ. கனம். பழைய தகடு எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் வயிறு தள்ளியிருக்கும்.

இப்போது மெஷினைப் பாருங்கள். பிளேடுக்கு அருகில், வெட்டும் இரும்பு முட்டி நிற்பதற்காக ஒரு சின்னத் தடுப்பு இரண்டு திருகில் மாட்டியிருக்கும். பிளேடு அந்தத் தடுப்பை நோக்கித்தான் ஓடும். உடலில் அம்புக்குறி இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் நம் தகடு உட்காருகிறது. மெஷினை நிறுத்தும்போது தடுப்பு இருந்த பக்கம் கீழே வர வேண்டும். அப்போதுதான் பிளேடு இரும்பைத் தகட்டின் மேல் அமுக்கும். தலைகீழாக நிறுத்தினால் இரும்பைத் தூக்கி முகத்தில் அடிக்கும்.

தகட்டில் பிளேடு போக 3 மி.மீ. அகலப் பிளவு வேண்டும். 1 மி.மீ. கட்டிங் வீலால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு இழுத்தாலே அது வந்துவிடும். பிளவின் ஒரு முனை விளிம்பு வரை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு மாற்ற முடியாது. எந்த விளிம்பு என்பது உங்கள் மெஷினில் பிளேடு எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். தடுப்பின் இரண்டு திருகு இருந்த இடத்தைத் தகட்டில் குறித்து, துளையைச் சற்று நீளவாட்டாக அரத்தால் ராவிக்கொள்ளுங்கள், பின்னால் நகர்த்த வசதியாக. திருகும் அதே மரையில் கொஞ்சம் நீளமானதாக, தலை தகட்டுக்குள் அமிழ்கிற வகையாக இருக்கட்டும். தலை துருத்திக்கொண்டிருந்தால் தள்ளும் இரும்பு அதில் தட்டிக்கொண்டே இருக்கும்.

தகட்டின் அடியில் 40 மி.மீ. குழாயை, ஒரு குட்டைக் காலின் வழியாக, தகட்டின் மேல்முகம் மேசையின் மேல்முகத்தோடு ஒரே மட்டத்தில் வரும்படி பற்றவைக்க வேண்டும். பலர் இதை மார்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கிறார்கள். சின்னத் துண்டுகளைப் பார்த்து வெட்ட அது வசதிதான். எனக்கு வருகிற வேலை ஆறு மீட்டர் குழாய். மட்டம் ஒன்றாக இருந்தால் நீளக் குழாய் முழுவதையும் மேசையே தாங்கிக்கொள்ளும், நான் நகர்த்தினால் போதும். குறுக்கே வெட்ட நீளம் ஒரு தடையே இல்லை. தகட்டை நீளவாக்கில் கிழிக்க நினைத்தால்தான் மெஷினின் முதுகு இடிக்கும். பெரிய ரக மெஷினில் 125 மி.மீ. போல உள்ளே போகலாம், அதற்கு மேல் இல்லை.

ஏழு கிலோ போல எடையுள்ள மெஷினை அந்த இரண்டு திருகு மட்டும் தாங்கும் என்று விடாதீர்கள். குட்டைக் காலிலிருந்து ஒரு பிளாட்டை வளைத்து மோட்டாருக்கு அடியில் தொட்டில் மாதிரி கொடுத்து, அதில் சைக்கிள் டியூப்பை ஒட்டிவிடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை மூடிவிடக் கூடாது. இந்த வெல்டிங் எல்லாம் மெஷின் இல்லாமல் வெறும் தாங்கியில்தான். அளவு பார்க்க மாட்டுவது, கழற்றுவது, பிறகு டேக் அடிப்பது, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது. அலுப்பாகத்தான் இருக்கும்.

மூலைமட்டம் பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். முதல் தாங்கியில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கேட் சட்டங்கள் ஏன் சேரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று, பிளேடின் பக்கவாட்டு முகத்துக்கும் தகட்டுக்கும். இது தவறினால் வெட்டு முகமே சாய்ந்துவிடும், குழாயை நிறுத்தினால் ஆடும். இரண்டு, பிளேடின் முதுகுக்கும் தகட்டுக்கும். இது சற்றுத் தவறினாலும் வெட்டு கெடாது. மூலைமட்டத்தைப் பற்களின் மேல் வைக்காதீர்கள். பற்கள் இடமும் வலமும் விரிந்திருப்பதால் பொய் சொல்லும். பற்களுக்குப் பின்னால் உள்ள வெறும் பட்டையில் வையுங்கள். பின்னால் விளக்கு ஒன்றை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தகட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய கீற்றைச் செருகுங்கள். எனக்கு ஒரு பக்கம் இரண்டு கீற்று தேவைப்பட்டது. பிறகு 50 மி.மீ. குழாய் ஒன்றை வெட்டி, வெட்டிய இரண்டு துண்டில் ஒன்றை அரைச்சுற்று திருப்பி முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். பிழை இரண்டு மடங்காகத் தெரியும்.

இனி கரண்ட். வளைகுடாவிலிருந்து மெஷின் கொண்டுவந்தவர்கள் முதலில் பிளக்கைப் பாருங்கள். மஞ்சள் பிளக் என்றால் 110 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் ஒரு நிமிடம்கூட உயிரோடு இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

தாங்கியில் நிறுத்திய மெஷினின் விசையை விரலால் அழுத்திக்கொண்டே வேலை செய்ய முடியாது. எல்லோரும் செய்வதுபோல நானும் விசையில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டி இறுக்கி, சுவர் ஸ்விட்ச்சில் போட்டு நிறுத்தினேன். மழைக்காலம். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. நான் தேநீர் குடிக்க வீட்டுக்குள் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஷெட்டுக்குள் யாரோ வேலை செய்யும் சத்தம். ஆள் இல்லை. பேண்ட்சா தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி வெட்டிய ஆங்கிள் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேரன் அந்தப் பக்கம் விளையாடுகிறவன்.

அன்றே காலால் மிதிக்கும் ஸ்விட்ச் வாங்கினேன். மிதித்தால் ஓட வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். ஒரு மிதிக்கு ஓடி மறு மிதிக்கு நிற்கும் வகை வேண்டாம். 1,100 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் எடுக்கும். ஸ்விட்ச் பத்து ஆம்பியராவது தாங்கட்டும். மிதியின் மேல் கவிழ்ந்த தகரக் கூரை ஒன்று இருக்கட்டும், கீழே விழும் துண்டு மிதித்துவிடாமல் இருக்க. இதற்கு முன்னால், கிணற்று மோட்டாருக்கு வைக்கும் மாதிரியான ஸ்டார்ட்டர், ஒற்றை ஃபேஸுக்கு உரியது, ஒன்றையும் வைத்தேன். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் ஓடாது. ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பிளேடு: பெரிய ரக மெஷின்களுக்கு 1,140 மி.மீ. நீளம், அரை அங்குல அகலம். பைமெட்டல் வாங்குங்கள், அதாவது பட்டை ஒரு உலோகமும் பல் ஓரம் வேறு கடின உலோகமுமாக இருப்பது. இரும்பின் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. அங்குலத்துக்கு 24 பல் என்றால் 3 மி.மீ. சுவருக்குச் சரியாக வரும், 18 பல் 4 மி.மீ.க்கு மேல், 14 பல் ஐந்தரைக்கு மேல். மெல்லிய ஸ்டாண்டுக் குழாயைப் பெரிய பல்லில் வெட்டினால் பல் சுவரில் சிக்கி ஒவ்வொன்றாக உதிரும். உதிர்வது காதுக்கே கேட்கும். புதுப் பிளேடை முதல் நாலைந்து வெட்டுக்கு அமுக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வேகத்தைக் குறையுங்கள். அலுமினியம் வெட்டும்போது பற்களில் ஈயம் மாதிரி அப்பிக்கொள்ளும். அதற்கு மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் மைத்துனர் தரும் மெழுகு உருண்டையை ஓடும் பிளேடில் லேசாகத் தொட்டுக் காட்டுகிறேன். விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகாதபடி உருண்டை நீளமாக இருக்க வேண்டும்.

கையுறை வேண்டாம், கண்ணாடி கட்டாயம். வெட்டும் இரும்புக்கு மேலே திறந்து நிற்கும் பிளேடை 25 மி.மீ. ஆங்கிள் துண்டால் மூடுங்கள். உருட்டுக் கம்பியை வெறும் கையால் பிடித்துத் தள்ளாதீர்கள். பிளேடு அதை உருட்டி விரலையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு ஆங்கிளில் கிடத்தி, சி கிளாம்ப் போட்டுத் தள்ளுங்கள். கடைசி இரண்டு அங்குலத்துக்கு மரக்குச்சி.

கழற்றிய தாங்கியை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வரும். தரையில் வைத்தால் நம் ஊரின் இரண்டு மழையும் சேர்ந்து தகட்டைத் தின்றுவிடும். மேசையில் வைத்த உறை மாதிரியே இன்னொரு துண்டைச் சுவரில் அடித்து, மெஷினோடு அப்படியே அதில் செருகி வைக்கிறேன். அந்த உறையின் பின்வாயை ஒரு தகரத்தால் மூடிவிடுங்கள். நான் மூடவில்லை. ஒரு வாரம் வேலைக்கு வெளியூர் போய் வருவதற்குள் குளவி உள்ளே மண் கூடு கட்டி முடித்திருந்தது. கம்பியால் குத்தி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று, நெற்றியில் ஒரு கொட்டும் கிடைத்தது.